தெளிந்த நீரெல்லாம் தூய நீரோ?

இரசாயன நூல்களின் முதற் பகுதியிலேயே கலவைகளை இரண்டாக வகுத்துக் கூறுவது வழக்கம். எப்பகுதியை எடுத்துச் சோதிப்பினும் ஒரே இயைபும் ஒரே குணமும் உடையது ஒருபடித்தான கலவை. பகுதிக்குப் பகுதி வேறுபடுவது பலபடித்தான கலவை. முன்னதற்கு உப்புக் கரைசலும் காற்றும் பித்தளையும் உதாரணங்கள். பின்னதற்கு மணலோடு கலந்த உப்பும், நீரோடு சேர்ந்த எண்ணெயும் உதாரணங்கள். மாணவன் இவ்விரண்டு வரிகளையும் இச்சில உதாரணங்களையும் நெட்டுருச் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் பெற்று, பின்னர் மறந்துவிடுகிறான். இத்துணைச் சிறிய பாடத்தில் சிந்திப்பதற்கு என்ன இருக்கிறது என வினவுவாரும் உளர்.

நம் கருத்து வேறு. இரசாயனத்தில் இதனினும் எளிய பாடம் இல்லை என்பது மெய்யே. ஆயினும், இதனைப் போல நாள்தோறும் வீட்டிலும் வீதியிலும் பயன்படக்கூடிய பாடமும் வேறில்லை. இதனைப் போலத் தவறாகக் கற்பிக்கப்படும் பாடமும் வேறில்லை. இவ்வேறுபாட்டை உதாரணங்களின் பட்டியலாகக் கற்றவன் தன் கண்ணையே நம்புவான். சோதனையாகக் கற்றவனோ கண்ணை ஐயுறக் கற்பான். குடிநீரைப் பற்றிய செய்தியில் இவ்விருவருக்கும் உள்ள வேறுபாடு உடல்நலத்தையே தொடுவதாகும். ஆதலின் இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம்.

புதுச்சேரி நகரின் வடபால், கடலை ஒட்டி அமைந்த மீனவர் குடியிருப்பு வைத்திக்குப்பம். மாசி மகத்தன்று பல ஊர்களின் உற்சவ மூர்த்திகள் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கரை அது என்பதை நம் வாசகருட் பலர் அறிவர். இப்பாடத்தைக் கற்பிக்க அக்கரையினும் சிறந்த சோதனைச்சாலை தேட வேண்டுவதில்லை. காலடியில் மணல் கிடக்கிறது. கண்ணெதிரே கடல் விரிந்திருக்கிறது. கரையோர வீடுகளின் கீழே நிலத்தடி நீர் இருக்கிறது. மூன்றும் கலவைகளே. ஆனால் மூன்றும் மூன்று விதமாக நமக்குப் பாடம் புகட்டுகின்றன.

முதலில் மணலை நோக்குவோம். நம் கிழக்குக் கடற்கரை மணலை ஒரு பிடி அள்ளி வெண்தாளில் பரப்பினால், வெளிறிய மணிகளுக்கிடையே கரிய மணிகளும் செந்நிற மணிகளும் தெரியும். வெளிறியவை பெரும்பாலும் குவார்ட்சு, செந்நிறத்தவை கார்னெட்டு, கரியவற்றுள் இல்மனைட்டும் காந்தத்தாற் கவரப்படும் மாக்னடைட்டும் உண்டு. குவார்ட்சு நீரைப்போல் சுமார் 2.65 மடங்கு கனமுடையது, இல்மனைட்டோ 4.7 மடங்கு. இவ்வேறுபாட்டால், அலையானது இலேசான மணிகளை இழுத்துச் சென்று, கனமானவற்றைக் கரிய கோடுகளாகக் கரையில் விட்டுச் செல்கிறது. அரிசியை முறத்திலிட்டுப் புடைப்பவள் செய்யும் அதே தொழிலைக் கடல் செய்கிறது. பலபடித்தான கலவையின் இலக்கணம் முழுதும் இதிலே அடங்கியிருக்கிறது. பகுதிகள் தத்தம் குணத்தை இழப்பதில்லை. அவற்றைக் கண்ணால் காணலாம். புடைத்தும் சலித்தும் காந்தம் கொண்டும் எளிதிற் பிரிக்கலாம்.

இனிக் கடல் நீரை ஒரு கண்ணாடிக் குவளையில் முகந்து, மணல் படியும்வரை வைத்துப் பார்ப்போம். மேலே தெளிந்து நிற்கும் நீரில் கண்ணுக்கு ஒன்றும் புலப்படாது. வடிதாளில் ஊற்றினாலும் தாளில் ஒன்றும் தங்காது. ஆயினும் சராசரிக் கடல் நீரில், கிலோகிராம் ஒன்றுக்குச் சுமார் 35 கிராம் உப்புப் பொருள்கள் கரைந்துள்ளன. அவற்றுள் குளோரைடு சுமார் 19 கிராம். சோடியம் ஏறக்குறைய 10.8 கிராம், சல்பேட்டு 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் ஒவ்வொன்றும் 0.4 கிராம் அளவின. குவளையின் மேற்பகுதியில் ஒரு துளியும் அடிப்பகுதியில் ஒரு துளியும் எடுத்துச் சோதித்தால் இவ்வளவுகளில் வேறுபாடு காண இயலாது. இதுவே ஒருபடித்தான கலவை.

ஈண்டுச் சொல்லைப் பற்றி ஒரு சொல். இலங்கைத் தமிழ் நூல்களில் இவ்விரு வகையையும் ஏகவினக் கலவை, பல்லினக் கலவை என வழங்குகின்றனர். தமிழ்நாட்டுப் பாட நூல்கள் ஒருபடித்தான, பலபடித்தான என்கின்றன. இரண்டும் நல்ல தமிழே. ஆனால் இனம் என்னுஞ் சொல் இளமாணவனை மயக்கக்கூடும். ஓர் இனம் என்றதும், அதிலே ஒரே பொருள்தான் உண்டு என அவன் எண்ணுகிறான். கடல் நீரிலோ பொருள்கள் பல. ஒன்றாக இருப்பது பொருளன்று, பரவியிருக்கும் படியே. ஆதலின் 'ஒருபடித்தான' என்னும் வழக்கு, நாவுக்குச் சற்றுக் கடினமாயினும், உண்மையை நுட்பமாகக் காட்டுகிறது என்பது நம் துணிபு. கலைச்சொல்லை ஆள்வோர் அது காதுக்கு இனிதாயிருத்தலை மட்டும் கருதாது, மாணவன் மனத்தில் எவ்வித எண்ணத்தை எழுப்பும் என்பதையும் கருதுவாராக.

மரக்காணத்து உப்பளங்களுக்குச் சென்று பார்த்தவர், ஒருபடித்தான கலவை எவ்வாறு பலபடித்தாகிறது என்பதை அறிந்திருப்பர். பாத்தியில் கட்டிய கடல் நீர் வெயிலில் வற்ற வற்ற, முதலில் கால்சியம் கார்பனேட்டும், பின்னர் ஜிப்சமும் படிகின்றன. நீர் ஏறக்குறையப் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியபோதுதான் நாம் உண்ணும் உப்புப் படிகமாகத் தொடங்குகிறது. மக்னீசிய உப்புக்கள் இறுதிவரை கரைந்தே நின்று, கசப்பு நீராக எஞ்சுகின்றன. அந்நீரை நன்கு வடிக்காத உப்பு மழைக்காலத்தில் சாடியில் நீர்த்துப் போவதற்கு மக்னீசியம் குளோரைடே காரணம். ஒரே படியாகக் கலந்து நின்றவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க இங்கே சூரியன் கூலியின்றி உழைக்கிறான். அவன் துணையின்றிப் பிரிக்க முயலின் ஆகும் செலவைப் பின்னர்க் கூறுவோம்.

கண்ணை நம்பலாகாது என்றோம். அதற்குப் பாலே தக்க சான்று. பாலைக் குவளையில் ஊற்றினால் மேலும் கீழும் ஒரே வெண்மை. வடிதாளில் ஊற்றினாலும் பெரும்பகுதி வடிந்து விடும். ஒருபடித்தான கலவை எனச் சொல்லத் தோன்றும். நுண்பெருக்கியின் கீழ் வைத்தாலோ நீரில் மிதக்கும் கொழுப்பு உருண்டைகள் திரள்திரளாகத் தோன்றும். அவற்றுட் பெரும்பாலானவை மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு முதல் பத்துப் பங்கு வரை குறுக்களவு உடையன. பால் பலபடித்தான கலவையே. கறந்த பாலில் ஏடு படிவதும் அதனாலேயே. பிரெஞ்சு நாட்டினராகிய ஓகுஸ்த் கோலென் என்பார், பாலை மிகுந்த அழுத்தத்துடன் நுண் துளைகளின் வழியே செலுத்தி, அவ்வுருண்டைகளை உடைத்துச் சிறுக்கும் இயந்திரத்திற்கு 1899-இல் காப்புரிமை பெற்றார். அவ்வாறு செய்த பாலில் ஏடு எளிதிற் பிரிவதில்லை. வணிகர் அதனை ஒருபடித்தாக்கிய பால் என்று விற்கின்றனர். இரசாயனம் அதனையும் பலபடித்தென்றே கூறும். உருண்டைகள் சிறுத்தனவேயன்றிக் கரைந்தில.

அங்ஙனமாயின் அறிவது எவ்வாறு? வழி மிக எளிது. இருண்ட அறையில், உப்புக் கரைத்த நீருள்ள குவளையின் ஊடே கைவிளக்கின் குறுகிய ஒளியைச் செலுத்துக. ஒளி சென்ற பாதை நீருள் தெரியாது. பின்னர் வேறொரு குவளை நீரில் இரண்டு துளி பால் விட்டு அவ்வாறே செய்க. ஒளிப்பாதை நீலங்கலந்த வெண்மையாக நீரினுள் துலங்கும். கண்ணுக்கும் வடிதாளுக்கும் அகப்படாத துகள்கள் ஒளியைச் சிதறச் செய்து தம்மைக் காட்டிக் கொடுக்கின்றன. பாரடே 1857-இல் பொன்னின் நுண் துகள்கள் கலந்த நீரில் இதனைக் கண்டார். பின்னர் விரிவாக ஆராய்ந்த டிண்டலின் பெயரால் இவ்விளைவு வழங்குகிறது. இத்தகைய கலவைகளுக்குக் கூழ்மம் என நாம் வழங்கும் பெயருக்கு மூலமான சொல்லைத் தாமஸ் கிரஹாம் 1861-இல் ஆக்கினார்.

இனி நுட்பமான வினா ஒன்று எழும். நுண்பெருக்கியின் ஆற்றல் பெருகப் பெருக, ஒருபடித்தென்று எண்ணியவை பலபடித்தாகத் தோன்றுமாயின், இவ்வகுப்பே பொய்யன்றோ? இவ்வினா அற்பமானதன்று. 1921-இல் கப்பற் பயணம் செய்த சர் சி. வி. இராமன், கடலின் நீலம் வானத்தின் பிரதிபலிப்பே என்னும் பழைய கொள்கையை ஏற்காது, நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறச் செய்கின்றன என விளக்கினார். துகள் ஒன்றும் மிதவாத தூய நீரிலும், மூலக்கூறுகளின் இடையறா அசைவால் கணந்தோறும் ஓரிடத்தில் செறிவு சிறிது மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்கிறது; அதனாலேயே சிதறல் நிகழ்கிறது. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியே 1928 பிப்ரவரி 28-இல் அறிவிக்கப்பெற்ற இராமன் விளைவிற்கு வழிகோலியது. ஆகவே, மூலக்கூற்றின் அளவிற்கு இறங்கினால், முற்றும் ஒருபடித்தானது உலகில் ஒன்றுமில்லை.

மறுபுறம் மேலே ஏறிப் பார்த்தாலும் இதுவே உண்மை. வைத்திக்குப்பத்தில் முகந்த ஒரு குவளை நீர் ஒருபடித்தானது. ஆனால் அக்குவளை தோன்றிய வங்கக் கடல் அத்தகையதன்று. கங்கையும் பிரமபுத்திராவும் ஐராவதியும் கொணரும் நன்னீர் மேலே பரவுதலின், மழைக்காலத்தின் பின் அக்கடலின் வடபகுதியில் மேற்பரப்பு உப்பு கிலோகிராமுக்கு 30 கிராமுக்கும் கீழே இறங்குகிறது. ஆழத்திலோ 35 கிராம் அளவில் நிற்கிறது. இலேசான நன்னீரடுக்குக் கனமான உவர்நீரின் மேல் எண்ணெய்போல் மிதந்து, கீழுள்ள குளிர்ந்த நீர் மேலெழுந்து கலப்பதைத் தடுக்கிறது. அதனால் மேற்பரப்பு வெப்பமாகவே இருந்து, புயல்கள் வலுப்பெறத் துணையாகிறது. குவளையில் ஒருபடித்தான நீர், கடலில் பலபடித்தாயிற்று.

எனவே இவ்வகுப்புப் பொய்யன்று. எந்த அளவில் நோக்குகிறோம், எதன் பொருட்டு நோக்குகிறோம் என்பதைச் சார்ந்தது. படகின் மேல் வீசும் காற்று மாலுமிக்கு ஒரே பொருள். நைட்ரஜன் 78, ஆக்ஸிஜன் 21, ஆர்கன் ஏறக்குறைய 1 என நூற்றுக்குப் பங்கிடுவது வாயுக்களைப் பிரித்து விற்பவனுக்கு வேண்டுவது. அளவைக் கூறாமல் 'இஃது ஒருபடித்து' என்று மட்டும் எழுதும் விடை அரை விடையே. இதனை மாணவனுக்குச் சொல்லாமல் விடுவது, வகுப்பை மட்டும் கொடுத்து அறிவை மறைப்பதாகும்.

இவ்வாறு தடுமாறியோர் இளமாணவர் மட்டுமல்லர். பிரெஞ்சு நாட்டின் தலைசிறந்த இரசாயன அறிஞர் இருவர் இதன் பொருட்டுப் பல்லாண்டு வாதிட்டனர். ஸ்பெயின் நாட்டில் ஆசிரியராயிருந்த ஜோசப் புரூஸ்து, இயற்கையிற் கிடைத்த தாமிரக் கார்பனேட்டும் சோதனைச்சாலையில் ஆக்கிய தாமிரக் கார்பனேட்டும் ஒரே விகித இயைபுடையன எனக் கண்டு, சேர்மங்களின் இயைபு மாறாதென 1799-இல் கூறினார். பெர்த்தொலே இதனை மறுத்தார். கரைசல்களும் உலோகக் கலவைகளும் கண்ணாடியும் எல்லா விகிதத்திலும் அமைகின்றனவே என்பது அவர் காட்டிய சான்று. அவை ஒரே படியாகத் தோன்றியதாலேயே சேர்மங்களோடு அவற்றையும் சேர்த்து எண்ணினார். அவை சேர்மங்கள் அல்ல, ஒருபடித்தான கலவைகளே என்பது தெளிவானபோது, புரூஸ்தின் கொள்கை நிலைபெற்றது. புதுச்சேரி ஆங்கிலேயர் வசம் இருந்த 1793-க்கும் 1816-க்கும் இடைப்பட்ட காலத்தில் பிரெஞ்சு அறிவுலகில் நிகழ்ந்த வாதம் இது. இரும்பு ஆக்சைடு போன்ற சில திடப்பொருள்களின் இயைபு சிறிது மாறுவதைப் பிற்காலத்தார் கண்டு, அத்தகையவற்றிற்குப் பெர்த்தொலேயின் பெயரையே இட்டனர். தோற்றவர் கூற்றிலும் ஓரளவு உண்மை இருந்தது. நம் மாணவர் இரண்டு வரியில் நெட்டுருச் செய்யும் வேறுபாடு, அறிஞர் உலகில் இவ்வாறு ஈட்டப்பெற்றது.

இனி நாம் முதன்மையாகக் கருதும் செய்திக்கு வருவோம். கடலோர நிலத்தின் கீழே, மழையால் ஊறிய நன்னீர், கனமான உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்திற்கு மேல் ஒரு மீட்டர் உயரம் நன்னீர் நின்றால், மட்டத்திற்குக் கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை உவர்நீரை அது தள்ளி நிறுத்தும் என்பது, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கிபென், ஹெர்ஸ்பெர்க் என்பார் கண்ட கணக்கு. நன்னீரின் கனம் 1.000 என்றால் கடல் நீரின் கனம் 1.025 என்னும் சிறு வேறுபாட்டில் பிறப்பது இக்கணக்கு. இதன் மறுபக்கம் அஞ்சத்தக்கது. ஆழ்துளைக் கிணறுகளால் அளவின்றி இறைத்து, மேல்மட்டம் ஒரு மீட்டர் தாழ்ந்தால், கீழே உவர்நீர் காலப்போக்கில் 40 மீட்டர்வரை உயர இடமுண்டு. புதுச்சேரிக் கடலோரமும் தமிழ்நாட்டுக் கடலோரத்தின் பல பகுதிகளும் இவ்வுவர்ப்பிற்கு ஆளாகியுள்ளன.

அவ்வாறு உவர்ப்பேறிய நீர் கண்ணுக்கு எப்படியிருக்கும்? முன்போலவே பளிங்குபோல் தெளிந்திருக்கும். கணக்கிட்டுப் பார்ப்போம். நூறு குட நீரில் இரண்டு குடம் மட்டும் கடல் நீராயின், லிட்டருக்குச் சுமார் 380 மில்லிகிராம் குளோரைடும், மொத்தம் ஏறக்குறைய 700 மில்லிகிராம் உப்புக்களும் அதனால் மட்டுமே சேரும். இந்தியத் தர நிர்ணய நிறுவனம் குடிநீருக்கு விரும்பத்தக்க எல்லையாக விதித்துள்ள கரைந்த பொருளின் அளவு 500 மில்லிகிராம். வேறு நீர் கிடையாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம் என்பது விதி. குளோரைடு 250 மில்லிகிராமைக் கடந்தால் நாவு அறியத் தொடங்கும். ஆகவே உப்பையேனும் நாவு கண்டு சொல்லும். தருமபுரி, சேலம் மாவட்டங்களின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் மிகுந்துள்ள புளோரைடையோ கண்ணும் காணாது, நாவும் அறியாது, வடிகட்டும் துணியும் தடுக்காது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமை மிஞ்சிப் பல்லாண்டு பருகினால் பற்களில் கறை ஏறும். மேலும் மிகுந்தால் எலும்புகள் விறைத்து உருக்குலையும். தெளிந்த நீரைத் தூய நீரென்று நம்பிய பிள்ளைகள் அல்லவா அதற்கு விலை கொடுக்கின்றனர்!

நம் முன்னோர் இவ்வறிவில் குறைந்தவரல்லர் என்பதையும் கூறவேண்டும். கலங்கிய ஆற்று நீரைத் தேற்றாங்கொட்டை இழைத்த பானையில் ஊற்றித் தெளிய வைப்பது தமிழர் பழவழக்கம். கலித்தொகைக் காலத்திலேயே அஃது உவமையாக வழங்கியது. கொட்டையின் சத்துக்கள், நீரில் மிதக்கும் களிமண் துகள்களை ஒன்றோடொன்று இணைத்துத் திரளச் செய்ய, அவை கனத்து அடியிற் படிகின்றன. படிகாரம் செய்வதும் ஏறக்குறைய இதுவே. துகள்களோடு ஒட்டிய கிருமிகளிலும் ஒரு பகுதி படியும். ஆனால் இவ்வுபாயம் பலபடித்தான கலவைக்கே செல்லும். கரைந்த உப்பின் முன் தேற்றாங்கொட்டையும் படிகாரமும் துணி வடிகட்டியும் ஒன்றும் செய்யமாட்டா. கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும். உப்பையோ புளோரைடையோ நீக்காது. நீர் ஆவியாதலால் அவற்றின் செறிவு சிறிது ஏறவும் கூடும். நோய்க்கு ஏற்ற மருந்தன்றோ வேண்டும்? கலங்கல் என்பது ஒரு நோய். கரைவு என்பது வேறொரு நோய்.

கரைந்ததைப் பிரிக்க ஆகும் செலவையும் எண்ணுக. சென்னைக்காக மீஞ்சூரில் 2010-இலும் நெம்மேலியில் 2013-இலும், நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் வீதம் கடல் நீரை நன்னீராக்கும் ஆலைகள் தொடங்கப்பெற்றன. நுண்சவ்வின் வழியே நீரைப் பேரழுத்தத்துடன் செலுத்தி உப்பை நிறுத்துவது அங்குள்ள முறை. இயந்திரம் எத்துணைக் குறையற்றதாயினும், பாதி நீரை மீட்பதற்கு 1,000 லிட்டர் நன்னீருக்குச் சுமார் ஒரு யூனிட் மின்சாரமேனும் வேண்டும் என்பது இயற்கை விதித்த கணக்கு. நடைமுறையில் மூன்று முதல் நான்கு யூனிட் செலவாகிறது. கலப்பது கைப்பிடி வேலை. பிரிப்பது மலையைப் புரட்டும் வேலை. கழிவைக் கிணற்றிலும் ஏரியிலும் கலப்பவர்க்கு இப்பாடம் ஒன்றே போதிய எச்சரிக்கையாகும்.

இவற்றையெல்லாம் கூறுங்கால் ஆசிரியர் சிலர், பாடத்திட்டம் நீண்டது, காலம் குறைந்தது, தேர்விற்கு வேண்டுவது இலக்கணமும் உதாரணமுமே என்பர். அவர்தம் நெருக்கடியை நாம் அறியாதோமல்லோம். ஆயினும் இப்பாடத்திற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டா. மூன்று கண்ணாடிக் குவளைகள், ஒரு வடிதாள், ஒரு கைவிளக்கு, ஒரு தட்டு, சிறிது வெயில் இவை போதும். ஒன்றில் மண் கரைத்த நீர், ஒன்றில் பால் துளித்த நீர், ஒன்றில் உப்பு நீர் வைத்து, படியவிட்டும் வடித்தும் ஒளி செலுத்தியும் வற்ற வைத்தும் பார்க்கச் சொல்க. முதலாவது படியும். இரண்டாவது படியாது, வடியும், ஆயினும் ஒளியில் அகப்படும். மூன்றாவது அம்மூன்றிலும் அகப்படாது, தட்டில் வற்றியபின் வெண்கறையாக எஞ்சி உண்மையை உரைக்கும். ஒரு மணி நேரத்தில் முடியும் இப்பாடத்தை மாணவன் ஆயுளில் மறவான். பிறகு அவன் வீட்டுக் கிணற்று நீரைக் கொணரச் செய்து, அதனையும் ஒரு தட்டில் வற்ற வைப்பாராயின், இரசாயனம் நூலிலிருந்து இறங்கி அடுக்களைக்குள் புகும். தட்டில் எஞ்சும் கறை எவ்வளவென்று சொல்லுமேயன்றி எதுவென்று சொல்லாது. அதற்கு முறையான ஆய்வு வேண்டும் என்பதையும் உடன் சொல்லித் தருக.

தேர்வுத் தாள் அமைப்போரையும் ஒன்று வேண்டுகிறோம். 'ஒருபடித்தான கலவைக்கு மூன்று உதாரணம் தருக' என்று கேட்பதினும், 'தெளிந்த நீர் உள்ளது. அஃது ஒருபடித்தோ பலபடித்தோ என எவ்வாறு அறிவாய்? குடிக்கத்தக்கதென எவ்வாறு துணிவாய்?' என்று கேட்பாராக. முதல் வினா நினைவைச் சோதிக்கும். இரண்டாவது அறிவைச் சோதிக்கும். இரண்டாம் வினாவின் இரு பகுதிகளுக்கும் விடை வெவ்வேறு என்பதை உணர்ந்தவனே பாடத்தை உணர்ந்தவன்.

மாணவ நண்பர்காள்! நீங்கள் கல்லூரியை விட்டு நீங்கியபின் உங்களிற் சிலரே இரசாயன ஆசிரியராவீர். அனைவீரும் நீர் பருகுவீர். உங்கள் ஊரில் புதிதாக ஓர் ஆழ்துளைக் கிணறு தோண்டி, முதல் நீரைச் செம்பில் ஏந்தி, 'பளிங்குபோல் இருக்கிறதே!' என்று ஊரார் மகிழும்போது, 'ஐயா, ஒரு புட்டியில் இதனை ஆய்வுச்சாலைக்கு அனுப்பிப் பார்த்தபின் பருகுவோம்' என்று பணிவோடு சொல்லுவீராயின், நும் கல்வி பயன்பட்டதாகும்.